சுசானின் ஈயக்காசு

மேரிசெலினுக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. அதற்குள் மூன்று வயது விக்ரோரியாவைத் தூக்கிக்கொண்டு டென்மார்க்கை விட்டுப் போய்விட வேண்டுமாம், கடிதம் வந்துவிட்டது. எங்கே போவாள்? மன்னாரில் வீட்டை எரித்துவிட்டார்கள். புருஷனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் திருப்பித் தரவேயில்லை. 1986இல் ஊர் கிடந்த கிடைக்கு அங்கே போ என்பதும் சா என்பதும் ஒன்றுதான். மேன்முறையீட்டுக்குத் திங்கட்கிழமை கடைசி நாள்.

அவள் கையில் மிஞ்சியிருந்தது சங்கிலியில் மாதா சுரூபத்தோடு தொங்கிய ஓர் ஈயக்காசு மட்டுமே. தரங்கம்பாடி டேனிஷ்காரரிடம் இருந்த காலத்தில், அங்கே வேலைக்கு வந்த சுசான் என்ற வெள்ளைக்காரி குருசுமுத்து என்பவரைக் கட்டி, அவளுடைய பூட்டனைப் பெற்றாளாம்; அவர்தான் பிறகு மன்னாருக்கு வந்தவராம். சுசானின் ஆட்கள் தங்கள் புரொட்டஸ்தாந்து வேதத்துக்காகப் பிரான்சிலிருந்து ஓடிவந்து டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் குடியேறியவர்கள் என்று வீட்டில் ஒரு கதை.

“நூறு வருஷத்துக்கு முந்திச் செத்தவள் உனக்கு விசா வாங்கித் தரப்போறாளோ?” கிரின்ஸ்டெட் ஊரிலிருந்து அவளைப் பிரெடெரிசியாவுக்குக் காரில் கூட்டிவந்த, டேனிஷ் தெரிந்த குலேந்திரன் கேட்டார்.

“ஆரெண்டாலும் தரத்தானே வேணும் அண்ணை.”

அங்கே அந்தப் பிரெஞ்சுக்காரரின் கோயிலில் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த முதியவர் காசைக் கண்டதும் எழுந்தே விட்டார். அது அந்தச் சபையின் காசு. நற்கருணைக்குத் தகுதியானவர்களுக்குக் கொடுப்பது, பந்தியில் திருப்பி வாங்கிவிடுவது. சுசான் திருப்பிக் கொடுக்கவில்லை. அதில் துளை போட்டு, யாரோ புனிதரின் சுரூபம் என்று நான்கு தலைமுறைக் கத்தோலிக்கர் முத்தமிட்டிருக்கிறார்கள். நல்ல கூத்து!

முதியவர் பெரிய புத்தகத்தைப் புரட்டினார். அவர் டேனிஷில் சொல்ல, குலேந்திரன் தமிழில் சொன்னார்.

“ஓம் பிள்ளை, இருக்கிறா. சுசான், இந்தச் சபையிலை ஞானஸ்நானம்.”

மேரிசெலின் சங்கிலியில் இருந்த மாதா சுரூபத்தை முத்தமிட்டாள். மாதாவே, தப்பிவிட்டோம்!

“1843இலை குருசுமுத்து எண்ட கத்தோலிக்கனைக் கட்டினபடியால் பேரை வெட்டினவையாம்.” குலேந்திரனின் குரல் இறங்கியது. “அடுத்த வருஷம் கைக்குழந்தையோடை திரும்பி வர இடம் கேட்டு எழுதியிருக்கிறா. சபை மறுத்திட்டுதாம்.”

“ஓடிவந்த சனமெல்லோ இவை!” மேரிசெலின் கத்தியே விட்டாள். “ஓடிவாற ஆளின்ரை வருத்தம் தெரியாதோ?” மடியில் தூங்கிய பிள்ளை திடுக்கிட்டு விழித்தது.

புத்தகத்தில் உள்ளதை மட்டுமே எழுதித் தரலாம், அது இவளுக்கு உதவாது என்று முதியவர் சங்கடத்தோடு சொன்னார்.

“வா பிள்ளை, போவம்,” என்றார் குலேந்திரன்.

அவள் எழும்பவில்லை. சங்கிலியைக் கழற்றி, சுசான் திருப்பிக் கொடுக்காத காசை மேசையில் வைத்தாள்.

“அதையே எழுதட்டும் அண்ணை, திங்கட்கிழமை மேன்முறையீட்டோடை குடுப்பம். பிள்ளையோடை வரக் கேட்டவளை ஒருக்கா வேண்டாம் எண்டவை எண்டு எழுதட்டும். ரெண்டாந்தரமும் வேண்டாம் எண்டு சொல்ல இந்த நாட்டுக்கு மனம் வருதோ பாப்பம்.”