மேஜைமேல் வைத்த களிமண்

எனக்குப் பொறாமை கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஒர்க்‌ஷாப் மூலையில் பழைய போர்வையால் மூடி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த அந்த எஞ்சினைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அதைக் கட்டிக்கொண்டிருந்தவன் என் சகலை, என் மனைவியின் தங்கை புருஷன். என்னிடம்தான் அவன் முதன்முதலாக ஸ்பேனர் பிடித்தான்.

வேன், டாக்ஸி, பால் வண்டி என்று எது வந்தாலும் எஞ்சின் என் கைக்கு வரும், பிரேக்கும் கிளட்ச்சும் அவன் கைக்குப் போகும். பல் டாக்டர் வரும்வரை அப்படித்தான் இருந்தது. அவர் இரண்டு கதவு வைத்த பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, இதை ரேஸ் டிராக்கில் ஓட்ட வேண்டும், அதற்குத் தகுந்தாற்போல எஞ்சினைக் கட்டித் தர முடியுமா என்று கேட்டார்.

"ஓடற வண்டி போதாதா டாக்டர், பறக்கணுமா?" என்றேன். தமாஷுக்குத்தான் சொன்னேன். மனுஷர் சிரிக்கவில்லை.

பக்கத்து வேனுக்கு அடியில் படுத்திருந்த சகலை தலையை மட்டும் வெளியே நீட்டி, "எத்தனை ஆர்பிஎம் வரைக்கும் சுத்தணும் சார்?" என்றான். அவ்வளவுதான். டாக்டர் என்னைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் குந்திவிட்டார். அந்த மாதிரி எஞ்சினை அவனும் கட்டியதில்லை, நானும் கட்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றித் தொலைக்கவில்லை.

அன்றிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்தினேன். சண்டை ஒன்றும் இல்லை, பேச என்ன இருக்கிறது? பார்சல் பார்சலாகச் சாமான் வந்து இறங்கியது. புது பிஸ்டன், விறைப்பான வால்வு ஸ்பிரிங், வால்வை வழக்கத்தைவிட ஆழமாகத் திறக்கும் கேம் ஷாஃப்ட். ஒவ்வொன்றையும் அவன் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவித் துடைத்தான். வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு.

"தங்கச்சி சொன்னா, அவ வீட்டுக்காரர் தூக்கத்துலகூட பிஸ்டன் பிஸ்டன்னு பொலம்பறாராம்" என்று என் மனைவி பெருமையாகச் சொன்னாள்.

"நான் தூக்கத்துல என்ன சொல்றேன்?"

"நீங்க எங்க சொல்றீங்க, கொறட்டைதான் விடறீங்க."

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு. எனக்கு வாய் நீளம், அவனுக்குக் கேட்கக் கூச்சம். அதனால் சந்தேகமாக இருக்கும் எந்தச் சாமானையும் பேசாமல் என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போவான். தப்பாக இருந்தால் நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். சரியாக இருந்தால் வாயைத் திறக்க மாட்டேன், அவன் எடுத்துப் போய் மாட்டிவிடுவான். எத்தனையோ பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும் அப்படித்தான் போயின. இந்த எஞ்சின் வந்த பிறகு என் மேஜைக்கு ஒரு நட்டுகூட வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஐயாவுக்கு இப்போதெல்லாம் சந்தேகமே வராதாமா?

ஒருநாள் அவன் குழந்தைகள் பொம்மை செய்கிற களிமண்ணை வாங்கிவந்து பிஸ்டன் தலையில் அப்பினான். மேலே வால்வுகள் உள்ள சிலிண்டர் ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, மறுபடி ஹெட்டைக் கழற்றினான். வால்வு இறங்குகிற இடத்தில் களிமண் அமுங்கும். அமுங்கியது போக மிஞ்சும் கனம்தான் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி. நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தால், அந்தக் களிமண்ணில் அறுத்த ஒரு வில்லை என் மேஜைமேல் கிடக்கிறது. குப்பை போடக்கூட என் மேஜைதான் கிடைத்ததா என்று சுருக்கென்றது. எறியப் போனவன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் வால்வு பதிந்த இடத்தில் ஒரு சாவியின் கனமாவது இருக்க வேண்டும். நகத்தின் கனம்தான் இருந்தது. மெதுவாக ஓட்டும்வரை ஒன்றும் ஆகாது. டாக்டர் ஆசைப்படும் வேகத்தில் சுற்றினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், எஞ்சின் சுக்குநூறாகப் போகும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதற்கும் சும்மா இருக்காத என் வாய் அன்றைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டது. வில்லையைப் பேப்பரில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உடையட்டும், அப்புறம் டாக்டர் யாரைத் தேடி வருகிறார் பார்ப்போம் என்று இருந்தது. அதற்குப் பிறகு அவன் இரண்டு மூன்று தரம் என் மேஜைப் பக்கம் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். நான் டாக்ஸி எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவன் விசிலடித்துக்கொண்டே ஹெட்டை மாட்டி இறுக்கினான்.

எஞ்சினைக் காரில் ஏற்றி, மெதுவாக ஓட்டிப் பழக்கியும் ஆயிற்று. சத்தம் நன்றாகத்தான் இருந்தது, பாவி. ஞாயிற்றுக்கிழமை காலை டிராக்குக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப என் மனைவியும் கொழுந்தியாளும் வந்திருந்தார்கள்.

"நீங்களும் பக்கத்துல ஏறுங்க. உங்க எஞ்சின் முழுசா சுத்தறதை உள்ள உக்காந்து கேளுங்க" என்றார் டாக்டர் சகலையிடம்.

டாக்டர் கொடுத்த ஹெல்மெட் சகலைக்குப் பெரிது. கொழுந்தியாள் சிரித்துக்கொண்டே அதன் பட்டையை இழுத்து இறுக்கிவிட்டாள். என் மனைவி போனில் படம் பிடித்தாள். இத்தனை நாளும் என் நினைப்பில் எஞ்சின் மட்டும்தான் உடைந்துகொண்டிருந்தது. அதற்கு நாலு அடி பின்னால் இவன் உட்கார்ந்திருப்பான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அவன் ஏறி உட்கார்ந்ததும் நான் போய் பானெட்டுக்கு முன்னால் நின்றேன்.

"இறங்கு" என்றேன். "எக்ஸாஸ்ட் வால்வு இடிக்கும். இடைவெளி பத்தாது."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. "எப்படிண்ணே சொல்றீங்க?"

சட்டைப் பையிலிருந்து மடிப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். காய்ந்து ஓரமெல்லாம் வெடித்திருந்தது.

"இது நான் உங்க டேபிள்ல வச்சதாச்சே" என்றான்.

"குப்பைன்னு நெனச்சேன்."

"குப்பையை ஏண்ணே மடிச்சு வச்சிருக்கீங்க?"

அவன் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். "இந்த எஞ்சின்ல மத்ததெல்லாம் அளந்து பாத்து பண்ணிட்டேன். இது ஒண்ணுலதான் எனக்குச் சந்தேகம். வந்து பாத்தா டேபிள்ல இல்ல, நீங்களும் கத்தல. சரி, அண்ணனே பாத்துட்டாருன்னுதான் ஹெட்டை மாட்டினேன்."

என் மனைவி போனைக் கீழே இறக்கினாள். கொழுந்தியாள் அந்த ஹெல்மெட்டை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். டாக்டருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. "நல்ல வேளை, கூடவே இப்படி ஒருத்தர் இருக்கறது எவ்வளவு நல்லது" என்று என் தோளைத் தட்டினார்.

சகலை பிஸ்டன்களைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், வால்வுக்கான பள்ளத்தை ஆழமாக்கி வாங்கிவந்தான். எஞ்சின் டிராக்கில் முழு வேகத்தில் சுற்றியது. டாக்டரைப் பார்த்து அவருடைய நண்பரும் ஒரு வண்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். என்னைப் பற்றி அவன் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான், அதைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிகிறது.

நேற்று அவன் ஒரு கனெக்டிங் ராடைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தேகம் என்று அவன் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. நான் மேஜையைத் துடைத்து, டீ கிளாஸை ஓரமாக நகர்த்தி இடம் பண்ணிவிட்டு, பார்க்காததுபோல உட்கார்ந்திருந்தேன். அவன் ராடைத் துணியில் சுற்றிக்கொண்டு லேத்காரரிடம் கேட்டுவரக் கிளம்பிவிட்டான். அந்த ஆளுக்கு எஞ்சினைப் பற்றி என்ன எழவு தெரியும்?