மாமனாரோடு குளித்த கெண்டை

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், முதல் நட்சத்திரம் தெரிந்த நேரத்தில், ஜப்பானின் ஒனோமிச்சி ஊரில் தொகுஸோ வீட்டுக் குளியல் தொட்டியில் கிடந்த கெண்டை மீன் பேசியது. தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்றது.

தொகுஸோவின் மருமகள் ஹலினாவுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அவள் பிறந்த போலந்தில் பண்டிகை விருந்தே அந்த மாலையில்தான்; அப்போது மிருகங்கள் பேசும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கெண்டை என்ன பேசும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. உயிரோடு வாங்கி, சேற்று வாடை போகக் குளியல் தொட்டியில் நீந்தவிட்டு, அன்று மதியத்துக்குள்ளேயே வெட்டிப் பொரித்துவிடுவார்கள். ஜப்பானில் அவளுக்கு இது முதல் கிறிஸ்துமஸ். கணவன் ரியோஹெய் ஊர் வழக்கப்படி பொரித்த கோழிக்கும் ஸ்ட்ராபெரி கேக்குக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான். இந்த வருடம் கெண்டையை விட்டுக்கொடுத்தால் ஆயுசுக்கும் கோழிதான் என்று ஹலினாவுக்குப் பட்டது.

சிக்கல் இதுதான். அவள் மீனைத் தொட்டியில் விட்டது வருடத்திலேயே பகல் குறைந்த நாளன்று. அன்றைக்கு அந்த ஊரில் யூஸு என்ற எலுமிச்சை ஜாதிப் பழங்களை வெந்நீரில் மிதக்கவிட்டுக் குளிப்பார்கள், சளி பிடிக்காதென்று. தொகுஸோ கதவைத் திறந்தார், மீனைப் பார்த்தார், மருமகள் நாட்டில் பழத்துக்குப் பதில் இது போலிருக்கிறது என்று முடிவுசெய்தார். சூடேற்றினால் மீன் வெந்துவிடும். எடுத்து வெளியே விட்டால் மருமகள் மனசு நோகும். எனவே பச்சைத் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். மூக்கு ஒழுகியது, மரியாதை கருதி வெளியே சொல்லவில்லை.

பண்டிகையன்று காலை ஹலினா கத்தியோடு வந்தபோது அவர் குளியலறை வாசலை மறித்து நின்றார்.

"ஏம்மா, கத்தி எதுக்கு?"

"பொரிக்கத்தான் மாமா. பின்ன எதுக்கு வாங்கினேன்?"

"பொரிக்கவா? என் முதுகைத் தேய்ச்சுவிட்டவன்மா அவன்!"

"மாமா, அது மீனு. உரசிட்டுப் போயிருக்கும்."

"உன் புருஷன் இத்தனை வயசுக்கு ஒரு தடவை உரசியிருப்பானா?"

இந்த வாக்குவாதத்தில் மதியம் போனது, வெயிலும் போனது. நட்சத்திரம் வந்தது. கெண்டை தலையைத் தூக்கிச் சொன்னது: "வெட்டுறதா இருந்தா வெட்டுங்க. அதுவரைக்கும் கொஞ்சம் வெந்நீர் விடுங்க. பெரியவர் தும்மித் தும்மி எனக்குத் தூக்கமே போச்சு."

பேசிய மீனை வெட்டுவதற்கு ஹலினாவின் ஊரில் எந்த முறையும் இல்லை. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மீன் இல்லாத பண்டிகையை நினைத்து அழுதாள். தொகுஸோ செருப்பை மாட்டிக்கொண்டு துறைமுகப் பக்கம் போய் ஒரு பெரிய சிவப்புக் கடல்மீனோடு திரும்பினார்.

"இதைப் பொரிம்மா. இவனோட எனக்குப் பழக்கமில்ல."

"எனக்கும்தான்," என்றது கெண்டை.

எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைப்பது ஹலினா வீட்டு வழக்கம். அந்த இடத்தில் கெண்டையை வாளியோடு வைத்தார்கள். ரியோஹெய் கோழி வாங்கிக்கொண்டு வந்தான், வாளிக்கு வணக்கம் சொன்னான், உட்கார்ந்தான்.

வருடங்கள் போயின. அந்த ஒரு மாலையில் தவிர கெண்டை பேசுவதில்லை. மற்ற நாட்களில் வெதுவெதுப்பான நீரில் வீட்டாரோடு ஊறிக் கிடக்கிறது. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஹலினாவின் அம்மா போலந்திலிருந்து போனில் கூப்பிட்டு, கெண்டை எப்படி என்று கேட்பாள்.

"நல்லா இருக்கும்மா. பீட்ரூட் சூப்புல உப்பு கம்மின்னு சொல்லுது."

"அது குளத்து மீனு, அதுக்கு உப்பைப் பத்தி என்ன தெரியும்? அது பேச்சைக் கேட்டு அள்ளிப் போட்டுடாதே," என்பாள் அம்மா.