தலையா, காலா?

கோல் டெய்லருக்கு மூன்று நாளாக உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் உட்காரத் தோன்றியது. பள்ளிக்கூடச் சீருடைத் துணி மேசைமேல் மலையாகக் குவிந்து கிடக்க, மனிதர் ஒரு காஜாவைக்கூட உருப்படியாக எடுக்கவில்லை. ஒரு கால்சட்டைக்கு இரண்டு பக்கமும் இடது காலையே வெட்டி வைத்துவிட்டுத் துணியைத் திட்டினார். எல்லாம் அந்தப் பெண் கேட்ட ஒரே ஒரு கேள்வியால் வந்த வினை.

அந்தப் பெண் கால்பந்து கிளப்பின் புதுச் செயலாளர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் எழுத மாட்டாள். கிளப்புக்கு ஐம்பது வயதாகிறது, வரலாற்றைப் புத்தகமாகப் போட்டே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பெரிய வரலாறுதான் போங்கள்! முதல் பந்து முள்ளில் குத்தி முதல் நாளே வெடித்தது, கோல் கம்பத்துக்குக் கட்டட மேஸ்திரியிடம் மூங்கில் இரவல் கேட்டது, ஒரே வருஷத்தில் பதினொரு ஆட்டம் தோற்றது, எதிர் அணி வராததால் ஒரு ஆட்டத்தில் வெற்றி பெற்றது. ஐம்பது வருஷத்தில் ஜெயித்தது ஒரே ஒரு கோப்பை. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், இறுதி ஆட்டத்தில், ஒன்றுக்குப் பூஜ்யம். அந்த ஒன்றை அடித்தவர் இந்த டெய்லர் என்பது ஊரறிந்த சேதி. கடைப்பலகையிலேயே 'கோல் டெய்லர்' என்று எழுதியிருக்கிறது.

"கோல்கீப்பர் அங்கிள் நீங்க தலையால முட்டுனீங்கங்கிறார். தலைவர் இடது காலால அடிச்சீங்கங்கிறார்," என்றாள் அவள், கையில் நோட்டோடு. "எது சரி? உங்க கையாலயே ஒரு பக்கம் எழுதிக் குடுத்துருங்க அங்கிள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகுது."

தலையா, காலா? டெய்லருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கோல் விழுந்த நேரத்தில் அவர் மைதானத்திலேயே இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த அறையில், பூசணிக்காயாக வீங்கிய கணுக்காலை உப்புத் தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டு படுத்திருந்தார். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பயிற்சியில் பள்ளத்தில் கால் வைத்ததன் பலன். மூன்று தெரு தள்ளி ஒரு பெரிய சத்தம் எழுந்தது மட்டும் அவர் காதில் விழுந்தது.

விளையாடியது ஒரு லாரி கிளீனர். அப்போது அணித்தலைவராக இருந்தவர், இன்றைக்குக் கிளப் தலைவர், தொழிலால் மெக்கானிக். அவர் பட்டறைக்கு ஒரு வெளியூர் லாரி பழுதாகி வந்தது. பொழுது போகாமல் பட்டறை வாசலில் பந்தைத் தட்டிக்கொண்டிருந்த அதன் கிளீனரைப் பார்த்த மெக்கானிக், உடனே லாரியிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, 'சாமான் வரணும், ஞாயிற்றுக்கிழமை ஆகும்' என்று டிரைவரிடம் கையை விரித்துவிட்டார். பதிவு செய்த ஆட்டக்காரர்தான் இறங்கலாம், அடையாள அட்டையில் படம் இருக்க வேண்டும் என்பது போட்டியின் விதி. டெய்லர் அட்டையில் இருந்த படத்தில் மீசை மட்டும்தான் தெளிவாகத் தெரியும். கிளீனருக்கும் மீசை இருந்தது. நடுவர் டெய்லர் பெயரைக் கூப்பிட்டபோது அவன் கையைத் தூக்கினான். ஒன்பதாம் எண் சட்டையில் ஆடினான், தூரத்தில் நின்ற சனத்துக்கு மீசையும் சட்டையும்தான் தெரிந்தன, ஜெயித்துக் கொடுத்தான். ஆட்டம் முடிந்ததும் போல்ட் மறுபடி லாரியில் ஏறியது, லாரி போயே போய்விட்டது.

சாயங்காலம் மேடை ஏறிப் பதக்கம் வாங்கியது டெய்லர். பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டினார். ஐயோ பாவம், கோல் அடிக்கும்போது பட்ட அடி என்று சனம் உச்சுக் கொட்டியது. அன்று தொடங்கிய கூத்து. அவர் வாயைத் திறந்து 'நான் அடித்தேன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. பிறர் சொன்னபோது இல்லை என்றதும் கிடையாது. ஒரு சிரிப்புச் சிரிப்பார், அவ்வளவுதான்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. மெக்கானிக் அடுத்த வருஷமே தன் தங்கையை அவருக்குக் கட்டிவைத்தார். கல்யாணமான முதல் மாதத்தில் புது மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே, "அன்னைக்கு மைதானத்துல உங்களைப் பாத்துட்டுதான் சரின்னு சொன்னேன்," என்றாள். மைதானத்துக்கு எதிர்ப்பக்கத்து மாடியிலிருந்து, வெயில் கண்ணில் அடிக்க, அவள் பார்த்தது முகத்தை அல்ல, ஒன்பதாம் எண் சட்டையை.  டெய்லர் 'பழைய கதை எதுக்கு' என்று பேச்சை மாற்றினார். முப்பத்துமூன்று வருஷமாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

இப்போது கையால் எழுதிக் கேட்கிறாள் ஒருத்தி. வாயால் வந்த பொய்யாவது காற்றோடு போகும். எழுதிக் கையெழுத்துப் போட்டால் பேரப்பிள்ளைகள்வரை படிக்குமே! எழுதிக் கொடுத்தால் அவர் பொய்யர், கொடுக்காவிட்டால் வீட்டுக்காரி முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு நாளில் ஏழு தாளைக் கசக்கிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடையைப் பாதியில் சாத்திவிட்டுப் பட்டறைக்குப் போனார். மெக்கானிக் ஒரு எஞ்சினுக்குள் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. நிஜமாகவே அது தலையா காலா என்று டெய்லர் கேட்டார். தனக்கே சரியாகத் தெரியாது என்றும், அந்த நேரத்தில் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்ததாகவும், இடது கால் என்றால் கேட்க நன்றாக இருக்குமே என்று அப்படிச் சொல்லிவைத்ததாகவும் மெக்கானிக் ஒப்புக்கொண்டார். உள்ளதைச் சொல்லிவிடப் போவதாக டெய்லர் சொன்னதும்தான் அவர் சிரிப்பு நின்றது. ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் கோப்பையைப் பிடுங்கித் தோற்றவர்களிடம் கொடுத்துவிடுவார்கள், அதுவும் போனால் கிளப்பிடம் மிஞ்சுவது மூங்கில் கம்பம்தான் என்றார்.

"தங்கச்சியை நினைச்சுப் பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்றார் பிறகு. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதானே சொன்னேன்!"

"அந்த ஒண்ணோடதான் மச்சான் நான் குடும்பம் நடத்துறேன்," என்றார் டெய்லர்.

கடைக்குத் திரும்ப மனமில்லை. தெருவைச் சுற்றினார். மைதானம்வரை போய், உள்ளே போகாமல் திரும்பினார். வீட்டுக்கு வந்து தாளையும் பேனாவையும் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். இரண்டரை மணிக்கு மனைவி வேலை முடிந்து வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவள் மேற்பார்வையாளர். நாள் முழுக்க மடிப்பது போதாதென்று வீட்டிலும் வந்ததும் கொடித் துணியை எடுத்து மடிக்கத் தொடங்குவாள். ஒரு துண்டை மடித்துக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"குட்டி போட்ட பூனை மாதிரி மூணு நாளா சுத்துறீங்க. என்னன்னு சொல்லிட்டாவது சுத்துங்க."

சொல்லிவிட்டார். போல்ட், மீசை, உப்புத் தண்ணீர் வாளி, நொண்டிக்கொண்டு வாங்கிய பதக்கம், எல்லாவற்றையும். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் அவள் கையிலிருந்த துண்டையே பார்த்தார். அது பாதி மடிப்போடு நின்றுவிட்டது. அழுவாள் என்று நினைத்தார். அண்ணனை நாலு வார்த்தை திட்டுவாள் என்றும் நினைத்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.  அவருக்குப் பயமாக இருந்தது.

"தலையும் இல்ல, காலும் இல்ல," என்றாள் கடைசியில். "முழங்கால். பந்து கீப்பர் கையில பட்டுத் திரும்பி வந்து, ஓடிவந்த ஆளோட முழங்கால்ல மோதி உள்ள போச்சு. எங்க போச்சுன்னு அந்த ஆளுக்கே தெரியலை, சுத்திச் சுத்தித் தேடினார்."

டெய்லர் பேனாவைத் திறந்தார். எழுதுவதற்காக இல்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"எல்லாரும் அவரைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஆடுறாங்க. அவர் உதறிட்டு எறங்கி, அந்தப் பக்கத்துக் கீப்பர்கிட்டப் போனார். சின்ன வயசு. மண்ணுல குப்புறப் படுத்து அழுதுட்டிருந்தான். கையைக் குடுத்துத் தூக்கிவிட்டு, சட்டையில மண்ணைத் தட்டி, விழுந்து கெடந்த தொப்பியையும் எடுத்துக் குடுத்தார். அப்புறம்தான் நம்ம ஆளுங்ககிட்ட வந்தார்." அவள் துண்டை மடியில் வைத்துத் தடவினாள். "கோல் யாரு வேணா அடிச்சுட்டுப் போறாங்க. நான் அதைப் பாத்துதான் சரின்னு சொன்னேன்."

 முப்பத்துமூன்று வருஷத்தில் தான் அப்படி யாரையாவது தூக்கிவிட்டதுண்டா என்று டெய்லரின் மனம் தேடியது. ஒருமுறை இவளே ஈரத்துணிக் கூடையோடு மாடிப்படியில் சறுக்கி விழுந்தாள். மிஷினை விட்டு எழாமலே 'பாத்து வரக் கூடாதா' என்று கத்தியது ஞாபகம் வந்தது. அன்று அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு இன்றைக்குத்தான் அவருக்கு அர்த்தம் தெரிந்தது.

"கப்பு போயிடும்ங்கிறார் உங்க அண்ணன்," என்றார்.

"போகட்டும். எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். முழங்கால், கீப்பர், தொப்பி. இத்தனை வருஷத்தில் எதைப் பற்றியும் அவள் இவ்வளவு நேரம் விடாமல் பேசி அவர் கேட்டதில்லை. ஒரு பக்கம் கேட்டார்கள். இரண்டரைப் பக்கம் ஆனது. செயலாளர் பெண் கீழே வந்து சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"மேல பேரைப் போடணுமே," என்றாள் மனைவி. "அவர் பேர் என்ன?"

டெய்லர் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். "யாரும் கேக்கலை," என்றார்.

"நீங்க?"

"நானும்தான்."