யார் வீட்டு சாலமன்

"இதுல எந்த சாலமன் உங்க தாத்தா?" என்று கேட்டு, கல்லறை ஆபீஸ் ஷெர்லின் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள்.

சாலமன் குனிந்தான். காலையில் அப்பா இக்னேஷியஸ் இறந்ததிலிருந்து அவன் ஒரு வேலையையும் உருப்படியாகச் செய்யவில்லை. ஐஸ் பெட்டிக்காரனுக்குப் பக்கத்துத் தெரு விலாசத்தைக் கொடுத்திருந்தான். இப்போது இது. ஒரே பக்கத்தில் இரண்டு சாலமன்கள். இருவருக்கும் தகப்பன் பெயர் இக்னேஷியஸ். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்து வைத்து, ராயபுரத்தில் பாதிப் பேர் இந்த இரண்டு பெயர்களையே மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா கேட்டது ஒன்றுதான்: "என்னைய எங்க நைனா குழியிலயே போட்ருடா." நான்கு மணிக்கு அடக்கம்.

"செவுத்தோரம் வெள்ளைச் சிலுவை கீதே, அதான்மா. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு நாங்கதான் வெள்ளையடிக்கிறோம்."

"அது நூத்திப் பன்னெண்டு. கட்டுமரக்காரர்னு போட்டிருக்கு. உங்க தாத்தா என்ன வேலை?"

"பெரம்பூர் ரயில் பட்டறை."

"அப்ப நூத்தி இருபத்தொண்ணு. நீலச் சிலுவை."

ஏதோ ஒரு புயலில் மரச் சிலுவைகள் எல்லாம் சாய்ந்தபோது, பெயர் பார்த்து எடுத்துத் தானே நட்டதாக அப்பா பெருமையடிப்பார். இரண்டிலும் அதே பெயர்தானே, இடம் மாறிப்போயிருக்கிறது. நாற்பது வருடம் முட்டி போட்டு அழுதது யாரோ ஒரு கட்டுமரக்காரரிடம். சாலமனும் பரீட்சைக்கு முன்னால் அவரிடம்தான் வேண்டிக்கொள்வான். கணக்கில் இரண்டு தடவை ஃபெயிலானதற்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது.

நீலச் சிலுவையைப் பராமரிப்பவர் கையெழுத்து இல்லாமல் குழியைத் திறக்க முடியாது என்று சொல்லி ஷெர்லின் போன் போட்டாள். அரை மணி நேரத்தில் தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு பெரியவர் வந்து இறங்கினார். பெயர் இக்னேஷியஸ். வேறென்ன இருக்கும்.

தன் தகப்பன் பெயருக்கு எதிரே கட்டுமரக்காரர் என்றிருந்த வரியை மூன்று தடவை படித்தார். இவர் மாட்டேன் என்றால் அப்பாவுக்குக் கல்லறைத் தோட்டத்தின் கடைசியில், புதர்ப் பக்கம், தனிக் குழிதான்.

"நீலம் நான் அட்ச்சதுப்பா. போன மாசங்கூட. ரெண்டு கோட்டு."

"தெரியுது மாமா."

"உங்க தாத்தாவ ஒரு கொறையும் இல்லாம வச்சினு கீறேன். பூவு, மெழுவத்தி, அல்லாம்." நூற்றுப் பன்னிரண்டாம் வரியில் விரலை வைத்தார். "எங்க நைனாவ?"

"சுண்ணாம்புதான் மாமா. ஒரு கோட்டு."

"கஞ்சப் பசங்கடா நீங்க." சிரிக்கப் பார்த்தார், பாதியில் நின்றுவிட்டது. "என் சம்சாரம் செத்தத இங்கதான் வந்து சொன்னேன். உங்க தாத்தாண்டயா சொல்லிகீறேன்?"

"எங்கப்பா பொலம்பினத அல்லாம் உங்க நைனாதான் கேட்டுனு இருந்தாரு மாமா. எங்க வூட்டு கதை பூரா அவருக்குத் தெரியும்."

பெரியவர் ஷெர்லினிடம் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"வெட்டச் சொல்லு. உங்கப்பன் அவன் நைனாண்ட போய்ச் சேரட்டும்."

குழி வெட்டுபவர் மண்வெட்டியோடு நீலச் சிலுவையை நோக்கிப் போனார். கூடப் போகவேண்டிய சாலமன் நின்றுவிட்டான். பெரியவர் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சிலுவைக்குப் பத்தடி முன்னால் நின்றார். விரல்களால் தலையை வாரிக்கொண்டார். பிறகு சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.