வீடு திரும்பிய எச்சில்

1956ஆம் ஆண்டு, தைப்பூசம் முடிந்த வாரத்தில், சந்தர் ரோட்டில் குடியிருந்தவர்கள் வெளியே துப்பிய எச்சில் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வரத் தொடங்கியது. எந்தச் சாக்கடையில் துப்பியிருந்தாலும் சரி, விடிவதற்குள் அது துப்பியவனின் தலைமாட்டுச் சுவரில், தலையணைக்கு ஒரு முழம் மேலே, ஈரம் காயாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெற்றிலை போடுகிறவர்களுடையது சிவப்பாக வழிந்தது. சுருட்டுக் குடிக்கிறவர்களுடையது பழுப்பாகவும், சளி பிடித்தவர்களுடையது பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போலவும் இருந்தது. முதலில் பல்லி எச்சம் என்றார்கள். பிறகு கூரை ஒழுகுகிறது என்றார்கள். அந்த மாதம் மழையே இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

நகரசபையிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து சுவர்களை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார். கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஒருவர் வந்து, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஈரம் சுவரில் ஏறும், இதில் வியக்க ஒன்றுமில்லை என்று விளக்கினார். துப்பியது தீவின் மறுகோடியிலுள்ள சுவா சூ காங்கில், சுவர் இருப்பது சந்தர் ரோட்டில், நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, இது ஈரப்பதம் மிகுந்த தீவு என்று பதில் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார். சினிமாச் சுவரொட்டியில் வில்லன் முகத்தில் துப்பிய இளைஞர்கள் மறுநாள் காலையில் தாயிடம் அடி வாங்கினார்கள். கப்பலில் வேலை பார்த்தவர்களின் எச்சில் பினாங்கிலிருந்து வருவதற்குச் சற்றுத் தாமதமானது. வேலை ராத்திரி ஷிப்டு என்று மனைவியிடம் சொல்லிவந்த, ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு கிராணியின் எச்சில் அவர் வீட்டுக்கு வராமல் வேறொரு தெருவில் வேறொருத்தியின் சுவரில் காணப்பட்டதால், அந்தக் குடும்பத்தில் பெரிய சண்டை நடந்தது. சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் அந்த வருஷம் சாமிப் படம் போட்ட காலண்டர்கள் நிறைய விற்றன. எல்லோருக்கும் தலைமாட்டில் மறைக்க ஏதாவது இருந்தது.

இந்தச் செய்தியால் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பூவம்மா. அவள் கணவன் பரமசிவத்தோடு ஒரு கடைவீட்டின் மாடியில், பலகை அடித்துத் தடுத்த பின்னறையில் குடியிருந்தாள். கல்யாணமாகிக் கப்பலில் வந்தபோது, மேல்தளத்தில் ஊரே வாந்தியெடுக்க, அதன் நடுவே உட்கார்ந்து வந்தவள். அன்று பிடித்த அருவருப்பு அவளை விடவேயில்லை. சந்தை மீனை உப்பும் மஞ்சளும் போட்டுத் தண்ணீர் கண்ணாடியாகும்வரை கழுவுவாள். பேருந்துக் கம்பியை முந்தானையால் பிடிப்பாள். காப்பிக்கடை கிளாஸில் தீவே வாய் வைத்திருக்கிறது என்று சொல்லி, வெயிலில் நா வறண்டாலும் குடிக்காமல் வருவாள். கடைகளுக்கு முன்னால் நடைபாதையாக ஓடும் அஞ்சடியைக் கழுவுவது அவளாக எடுத்துப் போட்டுக்கொண்ட வேலை. காலையில் கழுவினால் மத்தியானத்துக்குள் தூண் அடியெல்லாம் திரும்பவும் சிவப்பாகிவிடும். அதைத் தேய்த்துவிட்டு வந்து சோற்றைத் தொட முடியாமல் படுத்துவிட்ட நாள்கள் உண்டு.

"இப்பதான் காளியாத்தா கண்ணத் தொறந்திருக்கா. அவனவன் அசிங்கம் அவனவன் வீட்டுக்கே போவட்டும்" என்று அவள் பக்கத்து அறை மைமூனிடம் சொன்னாள். காலையில் அப்பம் சுட்டு விற்கும் மைமூன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கணவனுக்கும் வெற்றிலைப் பழக்கம் இருந்தது.

பூவம்மாவின் சுவர் மட்டும் சுத்தமாக இருந்தது. பரமசிவம் மசாலா அரைக்கும் மில்லில் வேலை பார்த்தான். எந்நேரமும் மிளகாய் நெடியில் நிற்பவன், இருமாத நாளில்லை. ஆனாலும் அவன் தலைமாட்டில் ஒரு பொட்டு ஈரம்கூட இருந்ததில்லை. வெற்றிலையையும் விட்டிருந்தான். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவந்து அந்த வெள்ளைச் சுவரை அவள் காட்டினாள். "பாத்துக்குங்க. எங்க வீட்டுக்காரரு ரோட்டுல துப்புற ஆளு இல்ல." பரமசிவம் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வான். அடக்கம் என்று அவள் நினைத்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு காலை பரமசிவம் காய்ச்சலில் எழுந்திருக்கவில்லை. எப்போதும் தனக்கு முன்பே எழுந்துவிடுகிறவன் இன்னும் படுத்திருக்கிறானே என்று பூவம்மா விளக்கைப் போட்டாள். தலைமாட்டுச் சுவரில் கையகலத்துக்குச் சிவப்பு வழிந்து, கீழே தலையணையைத் தொட்டிருந்தது. வெற்றிலைச் சிவப்பு காய்ந்தால் காவியாகும். இது ஓரத்தில் கறுத்து, நடுவில் நுரைத்திருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கைலித்துண்டு துருத்திக்கொண்டிருந்தது. அதை விரல் நுனியால் இழுத்துப் பார்த்தாள். துணி முழுவதும் அதே நிறம், மடிப்பு மடிப்பாக. தினமும் விடியுமுன் எழுந்து சுவரைத் துடைத்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இது என்னாங்க?"

பரமசிவம் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "ரத்தம்."

"எத்தன நாளா?"

"தெரியல. தீபாவளிக்கு முந்தியே."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அருவருப்புப்படுவ பூவு."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த நேரத்தில்கூட அவளுக்கு முதலில் வந்தது அழுகையில்லை, குமட்டல்தான். அந்தத் தலையணையில் தன் கூந்தலும் பட்டிருக்கிறது, அந்தத் துண்டு தன் பாயில் கிடந்திருக்கிறது என்று நினைத்ததும் அதைக் கீழே போட்டாள். வெளியே ஓடி, மைமூன் அறை வாசலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்துக்கொண்டாள். மைமூன் சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். தோல் சிவக்கும்வரை பூவம்மா தேய்த்தாள்.

"டிபியா?" என்று மைமூன் மெதுவாகக் கேட்டாள். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ லா. இப்ப ஊசியெல்லாம் இருக்கு. எங்கண்ணன் மவன் பொழச்சு வந்தான்."

பலகைச் சுவருக்குக் காது உண்டு. கொஞ்ச நேரத்தில் கோவிந்தசாமி மாடியேறி வந்தார். கடைவீட்டை மொத்தமாக எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விட்டிருந்தவர். வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, படியிலேயே நின்று பேசினார். "பரமசிவத்து மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லம்மா. ஆனா இத்தன குடித்தனம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிடுங்க."

"காய்ச்சல்ல கெடக்குறாருண்ணே. எங்க போவோம்?"

"அது எனக்குத் தெரியாது. இந்த அசிங்கத்த என் வீட்டுல வச்சுக்க முடியாது."

அசிங்கம் என்ற சொல் அவளுடையது. பிறர் வாயிலிருந்து அது வந்து அவள் கேட்டதில்லை. அவரை விலக்கிக்கொண்டு கீழே இறங்கி, அவருடைய முன்னறைக்குள் நுழைந்து, கட்டில் தலைமாட்டில் தொங்கிய முருகன் காலண்டரைக் கழற்றினாள். பின்னால் சுவர் ஏடு ஏடாகச் சிவந்து, காய்ந்து, அதன்மேல் புதுசும் வழிந்து, ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. பக்கத்திலிருந்த லட்சுமி காலண்டரையும் கழற்றினாள். அங்கேயும் அதுதான். வாசலில் கூடியிருந்தவர்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுக் காலண்டர் நினைவுக்கு வந்தது. பூவம்மாவின் வாயில் நீர் ஊறி நிறைந்தது. அதை விழுங்க முடியாமல் வெளியே வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் கழுவி வைத்திருந்த அஞ்சடியில் துப்பினாள்.

"அவர ஆஸ்பத்திரியில சேக்குற வரைக்கும் இங்கதான் இருப்போம். திரும்பி வந்தாலும் இங்கதான் வருவாரு" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கோவிந்தசாமி அதன்பிறகு காலி பண்ணும் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் காலை அவளுடைய தலையணைக்கு மேலேயும் ஓர் ஈரம் இருந்தது. ஊரார் எச்சிலைவிட அது அவளைக் கூசவைத்தது. பரமசிவம் அதைப் பார்த்து இருமல் வரும்வரை சிரித்தான். "என்னா பூவு, நீயும் எங்க கூட்டத்துல சேந்துட்டியா?"

சயரோக ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே படத்தில் அவன் நெஞ்சு பூச்சி அரித்த இலைபோல இருந்தது. தினமும் ஊசி போட்டார்கள், கைநிறைய மாத்திரை கொடுத்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் மூடிபோட்ட தகரக் குவளை உண்டு. அதிலிருந்த மருந்துத் தண்ணீருக்குள் துப்பியது மட்டும் சந்தர் ரோட்டுக்குத் திரும்பவில்லை. அது ஏன் என்று யாரும் ஆராயவில்லை. பூவம்மா அறை முழுவதும் சுண்ணாம்பு அடித்தாள், தலையணையை எரித்தாள், பாயைப் புதிதாக வாங்கினாள். அவள் விரும்பியதுபோல வெள்ளைச் சுவர் கிடைத்தது.

ஒரு காலையில் அவன் படுக்கும் பக்கத்துச் சுவரில் மறுபடியும் சிவப்பு. பார்வை நாளான ஞாயிற்றுக்கிழமை, வராந்தாக் கம்பிக்கு வெளியே நின்று சண்டை போட்டாள். "நர்ஸம்மா குவளை குடுத்தது என்னாத்துக்கு? ஏன் வெளிய துப்புனீங்க?"

"எனக்கு எழுதத் தெரியாது, உனக்குப் படிக்கத் தெரியாது. நான் இருக்கேன்னு வேற எப்படிச் சொல்றது? அதான் அந்தச் செம்பருத்தி வேலியில துப்புனேன்."

"அதுக்குச் செடியில துப்புறதா? ச்சீ." போகத் திரும்பியவள் மறுபடியும் கம்பியருகே வந்தாள். "துப்புறதுன்னா ஒரு தடவதான் துப்பணும். ரெண்டு தடவ தொடைக்க என்னால ஆவாது."

அப்படி அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு ஏற்பட்டது. தினமும் விடிகாலையில் அவன் நர்ஸுக்குத் தெரியாமல் வேலியோரம் போய்வருவான். அவள் எழுந்ததும், மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு, விளக்கைப் பிடித்து நிறம் பார்ப்பாள். பிறகு பீனாயில் துணியால் துடைத்து, துணியை எரித்து, கை கழுவுவாள். கறுஞ்சிவப்பு செங்கல் கரைத்த தண்ணீராக மாறியது. பிறகு அதில் இளஞ்சிவப்பாக ஓர் இழை மட்டும் ஓடியது. இந்த வேலை ஒருநாள்கூட அவளுக்குப் பழகவில்லை. ஒவ்வொரு காலையும் முதல் காலையைப் போலவே குமட்டியது.

அடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை சுவர் வெறுமையாக இருந்தது. செவ்வாயும் அப்படியே. அவள் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாள். பார்வை நாளில்லை என்று காவற்காரன் திருப்பி அனுப்பினான். அன்று அவள் அஞ்சடியைக் கழுவவில்லை, அடுப்பு மூட்டவில்லை. மைமூன் கொண்டுவந்த கஞ்சி ஆடை படிந்து ஆறியது. சுத்தத்துக்காகவே உயிர் வாழ்ந்தவள், அந்த வெள்ளைச் சுவரின் முன்னால் உட்கார்ந்து அதைக் கெட்ட வார்த்தைகளால் ஏசினாள். அதே வாரம் கண் அசந்து எழுந்த ஒரு காலையில், சுவரில் பசைபோல ஏதோ பளபளத்தது. விளக்கைப் பிடித்தாள். கெட்டியான, வெண்மையான, நூல்விட்டுத் தொங்கிய சளி. சிவப்பு ஒரு துளியும் இல்லை. வாளிக்கு ஓடி வாந்தியெடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, சுவருக்கு எதிரில் நின்று ஓவென்று அழுதாள். நெஞ்சில் குழாய் வைத்துப் படுக்கையோடு கிடத்தியிருந்தார்கள், எழுந்து போக முடியவில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பரமசிவம் சொன்னான்.

1958இல் அவன் வீட்டுக்கு வந்தான். மில்லில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை கிடைத்தது. அவனுக்கென்று தனித் தட்டு, தனிக் கிளாஸ் வைத்திருந்தாள். டாக்டர் தேவையில்லை என்று சொன்ன பிறகும் அதை மாற்றவில்லை. அவனும் கேட்கவில்லை. தெருவில் காறித் துப்புகிறவர்கள் குறைந்தார்களே தவிர நிற்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர்களிடம் தண்ணீர்க் குழாய் எங்கே என்பதோடு, துடைக்க வசதியான சுவர் எது என்பதையும் சேர்த்துச் சொல்வது வழக்கமாயிற்று.

அறுபதுகளின் கடைசியில் அவர்களுக்குத் தோ பாயோவில் அரசாங்க அடுக்குமாடி வீடு கிடைத்தது. சந்தர் ரோட்டிலிருந்து வந்தவர்களுக்கு அங்கேயும் எச்சில் திரும்பி வந்தது. மாடி அதிகமானதால் கொஞ்சம் கீழிறங்கி ஒட்டியது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு ரபியா புதுவீடு பார்க்க வந்தபோது, எல்லாச் சுவரிலும் படம் மாட்டியிருக்கிறாயே, கட்டில் பக்கத்தை மட்டும் ஏன் மொட்டையாக விட்டிருக்கிறாய் என்று கேட்டாள்.

"அது அவரு பக்கம்" என்றாள் பூவம்மா.

மறுநாள் காலையில் எழுந்ததும், மற்றவர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல, அவள் சுவரைப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு துளி இருந்தது. "ச்சீ" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போனாள்.