எட்டு வருடச் சுருள்

எனக்கு வயது அறுபத்திரண்டு. அதை யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் பட்டறையில் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். படிக்கட்டில் கை நீட்டுவார்கள், நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன நோயாளியா?

சிங்கப்பூரில், சுங்கை காடுட்டில் இருக்கிறது பட்டறை. கண்ணாடி இழையில் ரெசின் என்கிற பிசினை ஊற்றி நடைபாதைத் தட்டுகள் செய்கிறோம். கட்டடங்களின் கூரையில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் போடுவது. ஆள் நடக்கிற பொருள். இருபத்தாறு வருடமாக அங்கே சோதனைக்காரன் நான்தான். ஒவ்வொரு தடவையும் அதே இழையில் வார்த்த ஐந்து துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி, முறியும்வரை வளைத்துப் பார்ப்பேன். ஒலி முகம்மது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் தட்டுகள் லாரி ஏறும்.

மேனேஜர் வெங்கடேஷ் எங்கிருந்தோ இழைச் சுருள்கள் வாங்கி வந்தார். மூடிப்போன ஒரு கிடங்கில் எட்டு வருடம் கிடந்த சரக்கு. பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. வெளுத்ததெல்லாம் பாலா? இழையின் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒன்று உண்டு. ரெசினைப் பிடித்துக்கொள்வது அதுதான். இந்த ஊர் ஈரத்தில் எட்டு வருடம் கிடந்தால் அது கெட்டுப்போகும். புது இழை ரெசினோடு சேர்ந்தே முறியும், முறிந்த இடம் வெட்டினாற்போல் இருக்கும். பழையது, கட்டு தளர்ந்த துடைப்பத்திலிருந்து ஈர்க்கு வருவதுபோல உருவிக்கொண்டு வரும். ஐந்து துண்டும் அப்படித்தான் வந்தன. இருக்க வேண்டிய பலத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். தேறவில்லை என்று எழுதினேன்.

வெங்கடேஷ் கூப்பிட்டனுப்பினார். கத்துகிற ஆளில்லை, சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பார்.

"பாய், கண்ணு செக் பண்ணி எவ்ளோ நாளாச்சு?" என்றார். "அடுத்த மாசம் உங்க ரிநியூவல் என் டேபிளுக்கு வருது. இன்னொரு தடவ டெஸ்ட் பண்ணிடுங்க லா."

ஓய்வு வயது அறுபத்து மூன்று. அதற்குப் பிறகும் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் கையில். புக்கிட் பாஞ்சாங் வீட்டில் என் மனைவி ஜைனப் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நாடகம் பார்ப்பாள். நான் என்ன செய்வேன்? அவள் பக்கத்தில் உட்கார்ந்து செத்துப்போவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அருண்ராஜிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முப்பத்து நான்கு வயது, புதுக்கோட்டைக்காரன், வேலை பெர்மிட்டில் வந்தவன். தட்டுகளையும் சோதனைத் துண்டுகளையும் வார்ப்பது அவன்தான். வெங்கடேஷின் ஏழு தலைமுறையையும் நான் திட்டித் தீர்க்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை புதிதாக ஐந்து துண்டுகள் கொண்டுவந்தான். அதே பழைய சுருளில் வார்த்தது என்றான். ஐந்தும் பலமாக நின்று, பிறகு முறிந்தன. முறிந்த இடங்களை விரலால் தடவினேன். வெட்டினாற்போல் இருந்தன.

புது இழை. இருபத்தாறு வருடக் கைக்கு இது தெரியாதா? அருண்ராஜ் கதவருகே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தேன். கையெழுத்துப் போட்டேன். முறிந்த துண்டுகளைப் பையில் போட்டுத் தேதி எழுதி வைப்பது என் வழக்கம். அன்று அவற்றைக் குப்பையில் போட்டேன்.

மறுமாதம் ரிநியூவல் வந்தது. ஜைனப் பாயசம் வைத்தாள்.

இரண்டு மாதம் கழித்து, சுவா சூ காங்கில் ஒரு கூரையில் தட்டுகளைப் பொருத்த ஆள் போதாமல் அருண்ராஜையும் அனுப்பினார்கள். அவன் காலடியிலேயே தட்டு முறிந்தது. ஒரு மாடி உயரம் விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியது.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எப்படியும் தாங்கும்னு நெனச்சேன் பாய். உங்க வேலை போயிடக் கூடாதுன்னுதான் மாத்தினேன். உங்ககிட்ட சொல்லல. தெரிஞ்சா நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்களே."

பாவி, என்னைப் பற்றி அப்படியொரு நினைப்பு அவனுக்கு. நான் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

விசாரணையிலும் அவன் அதையே சொல்லியிருந்தான். எல்லாம் தன் வேலை, பாய்க்கு ஒன்றும் தெரியாது என்று. ஊன்றுகோலோடு அவனை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரி தமிழ்ப் பெண்மணி, விஷயம் தெரிந்தவர். சோதனைத் துண்டு முறிந்த இடத்தைப் பார்த்தாலே இழை பழையதா புதியதா என்று தெரியுமே, இத்தனை வருட அனுபவத்தில் உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்டார். வெங்கடேஷ் என்னையே பார்த்தார்.

தெரியும் என்று சொன்னால் அருண்ராஜின் பாரத்தில் பாதி என் தலைக்கு வரும். வேலையும் போகும். நான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தேன்.

"வயசாயிடுச்சு மேடம். கண்ணு முன்ன மாதிரி இல்ல."

அவர் உடனே நம்பிவிட்டார். மேற்கொண்டு ஒரு கேள்விகூட இல்லை. பரிதாபமாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது படிக்கட்டில் வெங்கடேஷ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா வாங்க பாய்."

கையை உதறவில்லை. ஒவ்வொரு படியாக, மெதுவாகவே இறங்கினேன்.