மழைக்கால வேலை

கிழக்கு வெளுக்கும் முன்பே பாலாவி உப்பளத்தில் உப்பு வாரும் பலகைகள் இழுபடத் தொடங்கிவிட்டன. கணுக்கால் அளவு உப்புநீர். பித்தவெடிப்புக்குள் அது புகும்போதெல்லாம் அனஸ்தாசியா பல்லைக் கடித்துக்கொண்டு பலகையை இழுத்தாள். படுக்கப் பிடித்து, பாத்தியின் தரையைத் தொட்டும் தொடாமலும் இழுக்க வேண்டும். கொஞ்சம் சரித்துப் பிடித்தாலும் அடிச்சேறு பெயர்ந்து உப்புக் கறுத்துவிடும். பன்னிரண்டு வருடத்தில் அவளுடைய பலகை ஒருமுறைகூடச் சேற்றைக் கிளப்பியதில்லை.

முதலாளி விநாயகமூர்த்தியின் வாடிக் கொட்டகையில் வானொலி கதைத்தது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம். இன்று முற்பகலிலிருந்து வடமேல் கரையோரமெங்கும் இடியுடன் மழை, பலத்த காற்று. தொடர்ந்து வெயில் குறைந்த, குளிர்ச்சியான நாட்கள்.

குளிர்ச்சியான நாட்கள் என்றால் உப்பளத்துப் பெண்களுக்குத் தை பிறக்கும் வரை வேலை இல்லை. வரம்பு கட்டவும், உப்புக் குவியல்களின் தென்னங்கிடுகுக் கூரையைப் பார்க்கவும் ஒரே ஒருத்தியை மட்டும் முதலாளி மறித்து வைப்பார். இந்த வருடம் அந்த ஒருத்தி அனஸ்தாசியா. திங்கட்கிழமை அவரே வந்து மெல்லிய குரலில் சொல்லியிருந்தார். "ஒருத்தருக்கும் சொல்லாத. மழைக்கு முதல் நீதான் ஆகக் கூட அள்ளோணும், அப்பதான் உனக்குத் தந்தது சரியெண்டு மற்றவையும் ஒத்துக்கொள்ளுவினம்."

ஆனால் செவ்வாய்க்கிழமை மதகடியில் முதலாளி ஜெய்னம்போடு அதே மெல்லிய குரலில் கதைப்பதை அனஸ்தாசியா கண்டாள். ஜெய்னம்பின் முகம் மலர்ந்ததையும் கண்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெய்னம்பு மன்னார்த் தீவுக்காரி. போன ஐப்பசியில் யுத்தம் அவளைக் கைக்குழந்தையோடு படகில் ஏற்றிக் கற்பிட்டிக் கரையில் இறக்கிவிட்டது. ஒரு வருடமாக அகதி முகாமில் ஓட்டைக் கொட்டில். உப்பைத் தொட்டு ஆறு மாதம்தான். அதற்குள் எல்லோரும் அவளுடைய கையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அனஸ்தாசியாவின் புருஷன், உப்புச் சுமக்கிற பஸ்தியானும் பார்த்தான். நேற்றுச் சாப்பிடும்போது சொல்லியும் விட்டான்.

"அந்த மன்னார்ப் பெட்டை என்ன மாதிரி இழுக்கிறாள், பாத்தனியே?"

"அப்ப இனி அவளிட்டயே போய்ச் சோறு கேளுங்கோ."

"உனக்கென்ன விசரே? நான் பலகையச் சொன்னன்."

"நான் சோத்தச் சொன்னன்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஒரே பாயில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தாள். அவன் கை தோளில் விழுந்தபோது தட்டிவிட்டாள். தட்டிவிட்ட பிறகு அந்தக் கை திரும்பி வராதா என்று காத்தும் இருந்தாள்.

இப்போது ஆறாம் பாத்தியில் இரண்டு பெண்களும் அருகருகே இழுத்தார்கள். ஜெய்னம்பின் முந்தானை வரிந்து கட்டியிருந்தது. அவள் பலகை தண்ணீரைக் கலக்காமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அவளுடைய குவியல் ஒரு சாண் கூடுதல் உயரம். கண்ணின் ஓரத்தில் அந்த ஒரு சாண் மட்டுமே தெரிந்தது அனஸ்தாசியாவுக்கு. வேகத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பலகை கையில் சரிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, பாருங்க!" ஜெய்னம்பு கத்தினாள்.

தண்ணீர் கறுத்திருந்தது. பாத்தியின் தரை நீளமாகப் பெயர்ந்து, சேறு புகைபோல எழும்பி, இரண்டு பேருடைய குவியலையும் சாம்பல் நிறமாக்கிக்கொண்டிருந்தது.

முதலாளி வரம்பில் ஓடிவந்தார். "ஆருட வேலை இது?"

அனஸ்தாசியா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும்தான் இழுத்தோம், முதலாளி," என்றாள் ஜெய்னம்பு.

"ஆருட பலகையில சேறு கிடக்குதெண்டு எனக்குக் கண் தெரியாதே? அனஸ்தாசியா, உன்னை நம்பி மழைக்கால வேலையத் தந்தன். இனி அது இல்ல. ஜெய்னம்பு செய்யட்டும்."

ஜெய்னம்பு பலகையை ஊன்றி நிமிர்ந்தாள். "அது எனக்கெண்டு செவ்வாக்கிழமையே சொன்னீங்கதானே?"

"எனக்குத் திங்கள்," என்றாள் அனஸ்தாசியா. குரல் தானாக வெளியே வந்தது.

அடுத்த பாத்தியில் மக்தலேனா இடுப்பில் கைவைத்தாள். "அப்ப எனக்கு ஞாயிறு பூசை முடிய வீட்ட வந்து சொன்னது?"

"என்ட பொஞ்சாதிக்குப் புதன்," என்றார் உப்புக் கடகப்பெட்டி சுமந்து வந்த பதியுதீன். "வெள்ளி இண்டைக்குத்தான், முதலாளி. இன்னும் ஆருக்கும் சொல்லயில்லயோ?"

பாத்திகளெங்கும் சிரிப்பு ஓடியது. ஓடிய வேகத்திலேயே அடங்கியது. ஐந்து நாளாக ஒருத்தி மற்றவளை வெல்ல ஓடியது ஒவ்வொருத்தியின் முதுகிலும் வலித்தது.

அனஸ்தாசியா ஜெய்னம்பின் பக்கம் திரும்பினாள். "உன்னோட எரிச்சலிலதான் பலகையச் சரிச்சனான்."

"தெரியும் அக்கா. நானும் உங்களப் பாத்துத்தான் இந்த ஓட்டம் ஓடினேன். இடுப்பு முறிஞ்சு போச்சு."

அனஸ்தாசியா பலகையை வரம்பில் போட்டுவிட்டுக் குந்தினாள். பக்கத்தில் ஜெய்னம்பு குந்தினாள். பிறகு மக்தலேனா. பதியுதீன் கடகத்தைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். பஸ்தியானும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள்.

முதலாளி வானத்தைப் பார்த்தார். கிழக்கே கருமுகில் ஏறிக்கொண்டிருந்தது. அள்ளிய குவியல் பதினாறும் கிடுகு மூடாமல் திறந்தபடி கிடந்தன.

"என்ன விளையாட்டு இது? மழை வருது!"

"ஓம். எங்களுக்கும் வானொலி கேட்டது," என்றாள் அனஸ்தாசியா. "மழைக்கால வேலைய முறை போட்டு எல்லாருக்கும் தாங்க. வாரத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தரையும் நிப்பாட்டாம. இப்பவே எழுதித் தாங்க, கிடுகு ஏத்துறம்."

"முகாமில ஆக்களுக்கா பஞ்சம்? லொறியில ஏத்திக்கொண்டு வருவன்!"

ஜெய்னம்பின் முகம் ஒரு கணம் வெளிறியது. இந்த வேலையும் போனால் அவளுக்குக் கொட்டிலின் ஓட்டைதான் மிச்சம். ஆனாலும் சொன்னாள்: "கூட்டிட்டு வாங்க, முதலாளி. எல்லாம் எங்கட ஆக்கள்தான். அவங்களும் வந்து இந்த வரம்பிலதான் குந்துவாங்க."

முதலாளி போய், உப்பேற்ற வந்து நின்ற லொறிச் சாரதியோடு சேர்ந்து ஒரு கிடுகை இழுத்தார். காற்று அதைப் பறித்துப் பாத்திக்குள் எறிந்தது. இரண்டாவதையும் எறிந்தது. அவர் வாடி வாசலில் நின்று கூப்பிட்டார்.

"சரி! உங்களில ஆரோட கதைக்கிறது?"

எல்லோரும் ஆண்களைப் பார்த்தார்கள். பஸ்தியான் எழும்பப் போனான். அனஸ்தாசியா அவன் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க இருங்கோ."

அவன் இருந்துகொண்டான். நேற்றிரவுக்குப் பிறகு முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தான்.

அவள் ஜெய்னம்பின் கையைப் பிடித்து எழுப்பினாள். ஆறு மாதத்துக் கை, தன் கையைவிடக் காய்த்திருந்தது. அதிலும் ஒரு சின்னப் பொறாமை வந்துதான் போயிற்று. கையை விடவில்லை.

அளத்து வரம்பு ஒருவர் நடக்க மட்டுமே அகலம். முன்னுக்கு ஒருத்தி, பின்னுக்கு ஒருத்தி என்று போக இரண்டு பேருக்கும் மனமில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உப்புநீருக்குள் இறங்கினார்கள். முதல் மழைத்துளிகள் தோளில் விழ, வாடியை நோக்கிச் சேர்ந்தே நடந்தார்கள்.